பாய்ப்படகில் முதல்முறை மோட்டார்: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

சின்னப் பாய்ப்படகை வடிவமைத்தவர், அதன் பின்பலகையில் 15, 20 கிலோ எடையில் ஓர் இயந்திரம் தொங்கும் என்று பெரும்பாலும் கணக்குப் போட்டிருக்க மாட்டார். மோட்டாரைச் செய்தவரோ, அதற்குப் பக்கத்திலேயே ஒரு சுக்கான் ஆடிக்கொண்டிருக்கும், படகின் நடுவே ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், காலடியில் ஏழெட்டுக் கயிறுகள் கிடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். முதல் பயணத்தில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் வருகின்றன. ஆனால் மோட்டார் நின்றதும் எல்லாரும் முதலில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைத்தான் கழற்றுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

கீழே உள்ளவை கையால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் 2 முதல் 6 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு மோட்டார்களுக்கும், 3.5 முதல் 5 மீட்டர் வரை நீளமுள்ள திறந்த பாய்ப்படகுகளுக்கும் பொருந்தும். உங்கள் மோட்டாரோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதே சரி.

முதலில் கரையில் ஒரு கால் மணி நேரம்

ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஒரு உறுதியான பலகையில் மாட்டி, அதன் நீண்ட கீழ்க்கால் மூழ்கும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். புகை தேங்கும் ஷெட்டுக்குள் வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். மிகச் சிறிய மோட்டார்கள் சிலவற்றுக்கு நியூட்ரலே கிடையாது, ஸ்டார்ட் ஆன நொடியே சுழலும். அப்படியானால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

இந்தச் சோதனையைக் குறைந்தது 10 நிமிடம் செய்ய வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோலை மட்டும் வைத்தே மோட்டார் ஓரிரு நிமிடம் ஓடும். பெட்ரோல் குழாய் மூடியிருந்தாலும் ஓடும். "கரையில் நன்றாகத்தான் ஓடியது" என்று சொல்பவர்களில் பலர் அந்த ஓரிரு நிமிடத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. ஈரம்தான் அதற்கு எண்ணெய். உலர்ந்து சுற்றினால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

கயிறே வரவில்லை, கல் மாதிரி நிற்கிறது என்றால் கியரைப் பாருங்கள். பல மோட்டார்களில் நியூட்ரலில் இல்லாதபோது கயிற்றை இழுக்க முடியாதபடி பூட்டு உண்டு.

கயிறு வருகிறது, ஆனால் மோட்டார் உயிர் பெறவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். நீங்கள் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் ஸ்விட்சில் மாட்டியிருக்கிறதா? அது இல்லாமல் மோட்டாரில் தீப்பொறியே வராது. அப்புறம் பெட்ரோல் குழாயும் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகும் திறந்திருக்கின்றனவா? கடைசியாக சோக், அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் பிடி. தனி டேங்க் என்றால் டியூபில் உள்ள ரப்பர் பந்தை அதன் அம்புக்குறி மேல் நோக்கும்படி பிடித்து, கெட்டியாகும் வரை அமுக்குங்கள். எத்தனை முறை அமுக்கினாலும் பந்து கெட்டியாகவே இல்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் இணைப்பு முனையில் உள்ள ரப்பர் வளையம்தான் காரணம்.

இவ்வளவும் சரியாக இருந்து, பத்து முறை இழுத்தும் பயனில்லை, பெட்ரோல் வாசம் மட்டும் மூக்கைத் துளைக்கிறது என்றால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. சோக்கை முழுவதும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஐந்தாறு முறை இழுங்கள். பிடித்துக்கொண்டால் மோட்டார் அலறும். உடனே வேகத்தைக் குறைக்கத் தயாராக இருங்கள்.

அதற்கும் மசியவில்லையா, இப்போது பிளக்கைக் கழற்றலாம். முனை ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. தீப்பொறி வருகிறதா என்று படகுக்குள் வைத்துச் சோதிக்கும் வேலை வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் குட்டை போல் தேங்கி நிற்கும்.

பழைய பெட்ரோல் தனிக் கதை. போன பருவத்தில் டேங்கில் விட்ட பெட்ரோலை முகர்ந்து பார்த்தால் வார்னிஷ் வாசம் வரும். எத்தனால் கலந்ததாக இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் அடியில் பிரிந்துவிடும். கார்பரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக முத்து முத்தாக நின்றால் அது தண்ணீர். சந்தேகம் இருந்தால் புதிய பெட்ரோலுக்கு மாறுங்கள், பாதி நாள் மிச்சமாகும்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் கலவை: 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய், 25:1 கேட்கும் பழைய மோட்டாருக்கு 40 மி.லி. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் எண்ணெய் சேர்க்கக் கூடாது. அதற்கு எண்ணெய் தனி, மோட்டார் நேராக நிற்கும்போது அளவுகோலில் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிறது, சில நிமிடத்தில் இருமி நின்றுவிடுகிறது

என் முதல் பயணம் இப்படித்தான் முடிந்தது. கரையிலிருந்து முந்நூறு மீட்டர் போயிருப்பேன். மோட்டார் மெதுவாக முனகி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், ஸ்டார்ட் ஆனது. நாலு நிமிடத்தில் மறுபடி நின்றது. இன்னொரு முறை துடைத்தேன், மறுபடி ஓடியது. பிளக்தான் கோளாறு என்று எனக்கு நூறு சதவீதம் உறுதியாகிவிட்டது. மூன்றாம் முறை எதற்கோ டேங்க் மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. காற்றுத் திருகை நான் திறக்கவே இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் சொட்டுக்கூட இறங்கவில்லை. நான் பிளக் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கசிந்த கொஞ்சம் காற்று டேங்குக்குள் போய் மறுபடி நாலு நிமிடத்துக்கு வழி செய்திருக்கிறது.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் சோதனை மூடியைத் திறப்பது. உஸ் சத்தம் வந்தாலோ, தனி டேங்க்கின் ரப்பர் பந்து சப்பையாக ஒட்டிப்போயிருந்தாலோ காற்றுவழிதான். சத்தம் இல்லையென்றால் பெட்ரோல் குழாய் பாதி திறந்திருக்கலாம், டியூப் யாராவது ஒருவரின் காலடியில் மிதிபடலாம். இரண்டுமே நான் பார்த்தவை.

சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கார்பரேட்டரின் சிறிய ஜெட் அடைபட்டிருக்கிறது. இதைத் தண்ணீரில் வைத்துச் சரிசெய்ய முடியாது. சோக்கோடு மெதுவாகக் கரைக்குத் திரும்பி, கிண்ணத்தைக் கழற்றி கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

மோட்டாரின் பின்னாலிருந்து தண்ணீர் பீச்சவில்லை

ஓடத் தொடங்கிய அரை நிமிடத்துக்குள் மோட்டாரின் பக்கத்திலிருந்து பென்சில் பருமனில் ஒரு நீர்த்தாரை வர வேண்டும். குளிர்விக்கும் நீர் சுற்றுகிறது என்பதற்கு அடையாளம் அது. வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். விதிவிலக்கு, ஹோண்டாவின் 2.3 குதிரைத்திறன் மோட்டார் போலக் காற்றால் குளிர்பவை. அவற்றில் தாரை வராது, தேடவும் வேண்டாம்.

நிறுத்தியபின் மோட்டாரைத் தூக்கி, கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பையோ பாசியோ மூடியிருக்கும். அது சுத்தமாக இருந்தால் தாரை வரும் துளையில் ஒரு தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குடையுங்கள். நாள்பட வைத்திருந்த மோட்டாரில் பூச்சி கூடு கட்டியிருப்பது சாதாரணம். இரண்டுக்கும் பிறகு வரவில்லையென்றால் இம்பெல்லர் போய்விட்டது. துடுப்பை எடுங்கள்.

சத்தம் பலமாக இருக்கிறது, படகு நகரவில்லை

இதில் மூன்று வகை உண்டு.

திடீரென்று ஓர் இடி, அப்புறம் மோட்டார் வெறுமனே சுழல்கிறது என்றால் ஷியர் பின் உடைந்திருக்கிறது. புரொப்பெல்லர் பாறையிலோ கட்டையிலோ மோதும்போது கியரைக் காப்பாற்ற முதலில் உடைவதற்கென்றே வைத்த மெல்லிய ஊசி அது. உதிரி ஊசி இரண்டும், அதற்கான பிளவுப் பின்னும், ஒரு இடுக்கியும் மோட்டாரோடு கட்டியே இருக்கட்டும். அவசரத்துக்கு ஆணியைச் செருகுவார்கள். ஆணி உடையாது. அடுத்த மோதலில் கியர்தான் உடையும்.

புதிய மோட்டார்கள் பலவற்றில் ஊசிக்குப் பதில் புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் குடம் இருக்கும். அது தேய்ந்தால் மெதுவாகப் போகும்போது இழுக்கும், வேகம் கொடுத்தால் வழுக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: நடுக்குழலிலிருந்து வெளிக்குழல் வரை ஒரே நேர்கோடாக மார்க்கரால் கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் குடம் வழுக்குகிறது.

மூன்றாவது, பாய்ப்படகுக்கே உரியது. படகு ஒரு அலையில் ஏறி இறங்கும்போதோ, யாராவது எழுந்து முன்னால் போகும்போதோ மட்டும் மோட்டார் அலறுகிறது. புரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது. புரொப்பெல்லருக்கு நேர் மேலே உள்ள தட்டைத் தகடு, படகின் அடிமட்டத்துக்கு 2 முதல் 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மோட்டார் வாங்கும் முன்பே பின்பலகையின் உச்சியிலிருந்து அடிவரை அளந்துகொள்ளுங்கள்: 38 செ.மீ. அளவு பலகைக்குக் குட்டைக் கால், 51 செ.மீ. அளவுக்கு நெட்டைக் கால். பின்பலகையில் சுக்கான் மாட்டியிருப்பதால் மோட்டாரைத் தனித் தாங்கியில் பக்கவாட்டில் வைப்பவர்கள், தாங்கி எவ்வளவு உயர்த்துகிறது என்பதைச் சேர்த்து அளக்க மறந்துவிடுகிறார்கள்.

பின்னோக்கிப் போகும்போது மட்டும் மோட்டார் தானாகத் தண்ணீரிலிருந்து எழும்புகிறதா? பின்னியக்கப் பூட்டு போடவில்லை. ரிவர்ஸ் கியர் இல்லாமல் மோட்டாரையே அரைவட்டம் திருப்பிப் பின்னால் வரும் வகையிலும் இதே கதைதான்.

முழு வேகம் கொடுத்தும் படகு அதற்கு மேல் போகவில்லை

கோளாறு இல்லை. நீரைக் கிழித்துப் போகும் படகு, தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 4.5 மீட்டர் என்றால் சுமார் 5.2 நாட், அதாவது மணிக்கு ஒன்பதரைக் கிலோமீட்டர். அதற்கு மேல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் பின்புறம் குழியில் அமர்கிறது, பெட்ரோல் எரிகிறது, வேகம் கூடாது. இந்தக் காரணத்தால்தான் 2.5 குதிரைத்திறனே போதும் என்கிறேன். பெரிய மோட்டார் வாங்கி எடையைக் கூட்டியவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமே வருகிறது.

முன்முனை தூக்கிக்கொள்கிறது, பின்னால் தண்ணீர் ததும்புகிறது

மோட்டார் பின்னால், பெட்ரோல் பின்னால், கைப்பிடியைப் பிடிக்க நீங்களும் பின்னால். தனியாகப் போகும்போது இது உண்மையிலேயே ஆபத்து. வேகத்தைச் சட்டென்று குறைத்தால் நீங்களே எழுப்பிய அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வரும். கைப்பிடியில் மாட்டும் நீட்டிப்புக் குழாய் ஒன்று வைத்துக்கொண்டு நடு இருக்கைக்கு வந்துவிடுங்கள். நங்கூரம், குடிநீர், பை எல்லாம் முன்னால் போகட்டும். இதற்குப் பிறகும் தூக்கினால் மோட்டாரின் சாய்வு ஊசியை ஒரு துளை படகின் பக்கம் மாற்றுங்கள். முன்முனை மூக்கைக் குத்தினால் எதிர்ப்பக்கம்.

நடு இருக்கைக்கு வந்தபின் சிவப்புக் கயிறு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டவில்லை என்று அதைக் கழற்றி மோட்டாரிலேயே சுற்றி வைப்பவர்கள் உண்டு. நீங்கள் விழுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கயிறே. நீளமானது வாங்கிக்கொள்ளுங்கள்.

நேராகப் போகவில்லை

நடுப்பலகையை முழுதாக மேலே தூக்கி வைத்திருக்கிறீர்களா? "மோட்டாரில் போகிறோம், பாய் இல்லை, பலகை எதற்கு" என்று தோன்றும். பலகை இல்லாத படகு, பக்கக் காற்றில் தட்டு மாதிரி வழுக்கும். திருப்பினால் நகர்ந்துகொண்டே திரும்பும். முழுதாக இறக்கினாலோ இழுவை அதிகம், சட்டென்று திருப்பும்போது பலகையில் தடுக்கிச் சாயும். கால் பங்கிலிருந்து பாதி வரை இறக்கி வையுங்கள். பலகைப் பெட்டியின் மேல் வாயிலிருந்து தண்ணீர் ஊற்று மாதிரி அடிக்கும் தொல்லையும் அதோடு பெரும்பாலும் குறையும்.

அடுத்தது சுக்கான். மோட்டாரை நேராகப் பூட்டிச் சுக்கானால் திருப்பலாம், அல்லது சுக்கானை ஒதுக்கிவிட்டு மோட்டாரால் திருப்பலாம். முதல் பயணத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். கரையோரம் மெதுவாக வரும்போது சுக்கானுக்குப் பிடிமானம் இருக்காது, மோட்டாருக்கு இருக்கும். சுக்கானின் தகட்டை மேலே தூக்கி, அதன் பிடியை நடுவில் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஆடி உங்களோடு மல்லுக்கட்டும். இதையெல்லாம் தண்ணீரில் கண்டுபிடிக்க வேண்டாம். கரையில் படகை நிறுத்தி, மோட்டாரை மாட்டி, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, சுக்கானையும் எல்லாக் கோணத்திலும் ஆட்டிப் பாருங்கள். புரொப்பெல்லரின் இதழ் சுக்கான் தகட்டை எங்காவது தொடுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மோட்டார் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் இருந்தால் முன்முனை இடப்பக்கம் இழுக்கும். இது இயல்பு. கையில் பிடிக்காதபோது மோட்டார் தானாகத் திரும்பினால் திருப்பு இறுக்கத் திருகை அரைச்சுற்று இறுக்குங்கள்.

மோட்டார் திக்கித் திணறி நின்றது, பின்னால் ஒரு கயிறு இறுகி நிற்கிறது

பாய் இழுக்கும் கயிறு தண்ணீரில் விழுந்து புரொப்பெல்லரில் சுற்றிவிட்டது. சிவப்பு கிளிப்பைக் கழற்றுங்கள், மோட்டாரைத் தூக்குங்கள், நியூட்ரலில் வைத்துப் புரொப்பெல்லரைக் கையால் எதிர்ச்சுற்றாகச் சுற்றிக்கொண்டே பிரியுங்கள். கத்தி கடைசிக்குத்தான். முன்முனையில் கட்டும் கயிறு, நீரில் விழுந்தாலும் புரொப்பெல்லரை எட்டாத நீளத்தில் இருந்தால் ஒரு கவலை விட்டது.

படகுக்குள் தண்ணீர்

படகின் வடிதுளையை அடைக்கும் தக்கை. முதலில் தக்கை, இரண்டாவதும் தக்கை. படகை இறக்குபவரே தக்கையை இறுக்க வேண்டும், "நீ போட்டிருப்பாய் என்று நினைத்தேன்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

படகின் அடியில் தண்ணீரைத் தானே வெளியேற்றும் மடல் இருந்தால், மெதுவாகப் போகும்போது அதை மூடி வையுங்கள். நல்ல வேகத்தில்தான் அது உறிஞ்சி வெளியேற்றும். மெதுவாகப் போனால் உள்ளே விடும். மிதவை அறைகளை முன்பே சோதியுங்கள்: சோப்புத் தண்ணீரைத் தையல்களில் தடவி, ஒரு டியூப் வழியே வாயால் ஊதினால் கசியும் இடத்தில் குமிழி வரும். கம்பிரஸர் வைத்தால் தையல் பிளந்துவிடும்.

அதிர்வு

கிளாம்ப் திருகுகள் முதல் பத்து நிமிட ஓட்டத்தில் தளரும். ஒரு முறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். மோட்டாரையும் படகையும் இணைக்கும் தனிப் பாதுகாப்புக் கயிறும் கட்டாயம். இறுக்க இறுக்கத் திருகு பலகைக்குள் புதைந்துகொண்டே போனால் பலகை உள்ளே ஊறிப்போயிருக்கிறது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை "டக்" என்னும், ஊறியது "தொப்" என்னும். தொப் என்றால் அன்றைய பயணம் ரத்து. கிளாம்ப் கெட்டி, பலகையும் கெட்டி என்றால் புரொப்பெல்லர் இதழ் வளைந்திருக்கும்.

ஸ்விட்ச் அழுத்தியும் மோட்டார் நிற்கவில்லை

கிளிப்பை இழுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் சோக்கை முழுதாக இழுங்கள், மூச்சு முட்டி நின்றுவிடும். பெட்ரோல் குழாயை மூடினாலும் நிற்கும், ஆனால் ஒரு நிமிடம் ஆகும். எதிரே சுவர் இருந்தால் அந்த ஒரு நிமிடம் நீளம்.

நடுவில் மோட்டார் செத்தால்

பாய்மரத்தைக் கழற்றிவிட்டுப் போனால் காற்றின் இழுவை குறையும் என்பது உண்மை. ஆனாலும் முதல் பயணத்தில் நான் மரத்தை நிறுத்தி, பாயைச் சுருட்டி, ஏற்றும் கயிற்றைக் கட்டித் தயாராக வைத்துத்தான் போவேன். அலுமினிய மரத்தை நிமிர்த்தும் இடத்தில் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துடுப்பும் நங்கூரமும் படகில் இருக்கட்டும். உயிர்காப்பு உடை இருக்கட்டும் என்றல்ல, உடம்பில் மாட்டியிருக்கட்டும்.

போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள். மோட்டார் நின்றால் முன்பாயை மட்டும் ஏற்றினால்கூடக் காற்றே வீட்டுப் பக்கம் தள்ளும். 2.5 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும், அதன் உள் டேங்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம். டேங்கில் பெட்ரோலைக் கரையிலேயே நிரப்புங்கள், ஆடும் படகில் வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

உப்பு நீரில் ஓட்டியிருந்தால் அதே டிரம்மில் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். சில வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் காலியாகி மோட்டார் தானே நிற்கும் வரை விடுங்கள். டிரம்மில் தண்ணீர் இருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கைக் காரில் படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் கீழே என்று அதன் உறையில் குறித்திருப்பார்கள். மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த முறை நீலம் கலந்த வெள்ளைப் புகை கக்கும், அல்லது நியூட்ரலில் இருந்தும் கயிறு வரவே வராது. பலம் கொண்டு இழுக்காமல் பிளக்கைக் கழற்றி, துளையின் மேல் ஒரு துணியைப் பிடித்து, கயிற்றை நாலைந்து முறை மெதுவாக இழுத்தால் எண்ணெய் வெளியே வந்துவிடும். பிளக்கைக் கழற்றுவதுதான் சரியான முதல் வேலை என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் இது.